பல்சரைச் சுற்றும் குட்டித் துணையைக் கண்டுபிடிப்பது எப்படி? வீட்டுக் கணினியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"பல்சருங்களா மாமா? எந்த மாடலு, நூத்தம்பதா இருநூத்திருபதா?" என்று கேட்டான் அக்கா மகன். பைக்கைச் சொல்லவில்லை, வானத்தில் இருப்பதைச் சொல்கிறேன் என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிட்டது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லினக்ஸ் கொஞ்சம் தெரியும். வீடு சோமனூர் பக்கம், சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன். அவனை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவ்வளவு தெரிந்தவர் யாரானாலும் பின்தொடரலாம்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பது. பல்சர் என்றால் வேகமாகச் சுழன்றபடி சீரான தாளத்தில் துடிப்புகளை அனுப்பும் செத்த விண்மீன். அதோடு ஜோடியாகச் சுற்றும் சின்னப் பொருளைத்தான் துணை என்கிறேன். 2007 ஜூனில் நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், தனுசு விண்மீன் குழுவின் பக்கம் ஓர் எக்ஸ் கதிர் வெடிப்பைப் பிடித்தது. இன்னொரு செயற்கைக்கோளான ஆர்எக்ஸ்டிஇ அதையே உற்றுப் பார்த்தபோது, வினாடிக்கு 182 முறை துடிப்பது தெரிந்தது. அந்தத் துடிப்பு 54.7 நிமிடத்துக்கு ஒருமுறை மிக இலேசாக முந்துவதும் பிந்துவதுமாக இருந்தது. ஏதோ ஒன்று அதைச் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. கணக்குப் போட்டால் அந்தத் துணையின் நிறை குறைந்தபட்சம் வியாழனைப் போல் ஏழு மடங்குதான் வந்தது. ஸ்விஃப்ட் ஜே1756.9−2508 என்று பெயர். துணையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

இப்படி ஒரு ஜோடி எப்படி அமைகிறது? வெடித்துச் செத்த பெரிய விண்மீனின் மிச்சம் நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக நிறை, கோயமுத்தூர் மாநகர அளவுக்குள் அடங்கும். பக்கத்தில் ஒரு விண்மீன் இருந்தால் அதன் பொருளை உறிஞ்சும். விழும் பொருள் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அதை வேகமாகச் சுழல வைக்கிறது. கடைசியில் கொடுத்தவனிடம் எலும்பு மட்டும் மிஞ்சுகிறது, வாங்கியவன் வினாடிக்குப் பல நூறு சுற்று சுற்றுகிறான். சிலவற்றில் அந்த மிச்சத்தையும் பல்சரின் கதிர்வீச்சு காய்ச்சி ஊதித் தள்ளுகிறது. இணையைத் தின்னும் சிலந்தியின் பெயரால் அந்த வகையைக் 'கருப்பு விதவை' என்கிறார்கள். அதில் முதலாவதான பிஎஸ்ஆர் பி1957+20, 1988-இல் அரேசிபோ தொலைநோக்கியில் கிடைத்தது. சுழற்சி 1.6 மில்லிவினாடி, சுற்றுக்காலம் 9.2 மணி நேரம்.

செக்குமாட்டு மணி

தேடும் முறை முழுவதும் ஒரே விஷயத்தில் நிற்கிறது. காங்கேயம் பக்கம் பழைய மரச்செக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டின் கழுத்தில் மணி. மூன்று மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. நீங்கள் கொட்டகை வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள். மாடு உங்கள் பக்கம் இருக்கும்போது மணியோசை சீக்கிரம் வரும். அந்தப் பக்கம் போனால் ஆறு மீட்டர் கூடுதல் தூரம், ஓசை 18 மில்லிவினாடி பிந்தும். காது அதைக் கண்டுகொள்ளாது, நல்ல கடிகாரம் கண்டுகொள்ளும். அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துச் சுற்றின் அளவையும் காலத்தையும் சொல்லிவிடலாம்.

பல்சர்தான் மாடு. மணி வினாடிக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கிறது. துணை இழுப்பதால் பல்சரும் ஒரு சின்ன வட்டம் போடுகிறது. எவ்வளவு சின்னது? 2011-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கித் தரவில் கண்டறிந்து அறிவித்த பிஎஸ்ஆர் ஜே1719−1438-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசி வரை இதுதான் நம் உதாரணம். அதன் வட்டத்தில் நமக்குத் தெரியும் ஆரம், ஒளி 1.8 மில்லிவினாடியில் கடக்கும் தூரம், அதாவது சுமார் 545 கி.மீ. கோவையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். இது இருப்பது சுமார் 4,000 ஒளியாண்டுக்கு அப்பால். அங்கே நடக்கும் ஒரு கோவை–சென்னைப் பயணத்தைச் சோமனூரில் உட்கார்ந்து அளக்கிறோம்.

தரவு எங்கே கிடைக்கும்

மொட்டை மாடியில் டிஷ் வைத்துப் புது மில்லிவினாடிப் பல்சரை, அதாவது சில மில்லிவினாடிக்கு ஒருமுறை சுழல்வதை, பிடிக்க முடியாது. அமெச்சூர்கள் சின்ன ஆன்டெனாவில் வேலா போன்ற பிரகாசமான, ஏற்கெனவே தெரிந்த பல்சர்களைப் பிடித்திருக்கிறார்கள், அதுவே பெரிய வேலை. நமக்கு மற்றவர் எடுத்து வைத்த தரவு போதும்.

வழி மூன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனம் பார்க்ஸ் பல்சர் தரவுகளைக் குறிப்பிட்ட காலம் கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. ஃபெர்மி காமாக் கதிர் செயற்கைக்கோளின் தரவும் பொதுவில்தான் இருக்கிறது. ஒன்றுமே எழுதத் தெரியாதென்றால் ஐன்ஸ்டீன் அட் ஹோம் திட்டத்தில் உங்கள் கணினியைச் சேர்த்துவிடுங்கள், சும்மா இருக்கும் நேரத்தில் அது தேடும். 2020-இல் அறிவித்த பிஎஸ்ஆர் ஜே1653−0158 அப்படித் தொண்டர்களின் கணினிகளில் கிடைத்ததுதான். துணை 75 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது.

எந்தத் திசையில் தேடுவது என்று கேட்டால், ஃபெர்மி பட்டியலில் 'இன்னதென்று தெரியாத' காமா மூலங்களின் பக்கம் என்பேன். கருப்பு விதவைகள் பலவும் அங்கேதான் சிக்கின. புனே பக்கம் கோடாட்டில் 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பது கொண்ட ஜிஎம்ஆர்டி, அப்படி ஒரு மூலத்தைக் குறிவைத்துத்தான் பிஎஸ்ஆர் ஜே1544+4937-ஐக் கண்டுபிடித்தது. சுழற்சி 2.16 மில்லிவினாடி, சுற்றுக்காலம் 2.9 மணி.

மென்பொருளுக்குப் பிரெஸ்டோ போதும். இலவசம், பயிற்சிக் கோப்போடு வருகிறது. நிறுவும்போது ஒரு நாள் எரிச்சல் படுவீர்கள், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. யுபிஎஸ் கட்டாயம். எங்கள் ஊரில் மின்சாரம் போகிற நேரத்தைத் தேடல் பொருட்படுத்தாது.

கோப்பின் அளவையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பார்க்ஸில் நம் உதாரணப் பல்சர் சிக்கிய வானத் துழாவல் 400 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 1,024 தடங்களாக, அதாவது சின்னச் சின்ன அலைவெண் துண்டுகளாகப் பிரித்து, 64 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை பதிந்தது. ஒரு பதிவுக்கு இரண்டு பிட் என்றாலும் வினாடிக்கு 4 எம்பி. ஒன்பது நிமிடக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டும்.

படி 1: களை எடுப்பு

ஆர்எஃப்ஐஃபைண்ட் என்ற கட்டளை, ரேடார், செல்போன், மின்கம்பி போன்றவற்றின் இரைச்சல் உள்ள தடங்களையும் நேரங்களையும் குறித்து ஒரு மறைப்புக் கோப்பு தரும். அதைத் திறந்து பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கால்வாசிக்கு மேல் மறைந்திருந்தால் அந்தக் கோப்பையே விட்டுவிடுவேன்.

பார்க்ஸிலேயே பல ஆண்டுகள் 'பெரிடான்' என்ற மர்ம சமிக்ஞை வந்துகொண்டிருந்தது. 2015-இல் துப்புத் துலக்கியபோது, ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ பாதியில் திறப்பதுதான் காரணம் என்று தெரிந்தது.

50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் மின்சார வாரியத்தின் சொத்து, வானத்தினுடையவை அல்ல. ஆஸ்திரேலியாவிலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். நான் முதலில் துள்ளிக் குதித்தது 100.0 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றைப் பார்த்துத்தான். இரவு இரண்டு மணிக்கு மச்சானை வேறு எழுப்பிவிட்டேன். "டியூப்லைட் மாதிரி இருக்குதுங்களே மாப்ள" என்று அவர் சொன்னது சரியாகப் போயிற்று.

படி 2: சிதறலைச் சரிசெய்தல்

தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்து பழநிக்கு ஒரே நேரத்தில் கிளம்பும் பாதயாத்திரைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இளவட்டங்கள் முதலில் போய்ச் சேருவார்கள், பெரியவர்கள் பின்னால். இடைவெளி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்தே எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று சொல்லலாம். ரேடியோ அலையும் அப்படித்தான். விண்வெளியில் உள்ள எலெக்ட்ரான்கள் ஊடே வரும்போது உயர் அலைவெண் முந்தும், தாழ் அலைவெண் பிந்தும்.

பிந்துவது எவ்வளவு என்றால், சிதறல் அளவை (வழியில் குறுக்கிடும் எலெக்ட்ரான்களின் மொத்த அளவு) 4.15 மில்லிவினாடியால் பெருக்கி, அதை இரு அலைவெண்களின் (கிகாஹெர்ட்ஸில்) தலைகீழ் வர்க்கங்களின் வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். நம் உதாரணப் பல்சரின் சிதறல் அளவு சுமார் 37. பார்க்ஸ் பட்டையில் பயன்படும் பகுதி 1.182-இலிருந்து 1.522 வரை. கணக்கு 44 மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சுழற்சிக் காலமோ 5.8 மில்லிவினாடிதான். சரிசெய்யாமல் விட்டால் ஏழு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொள்ளும், துடிப்பே இருக்காது.

புதுப் பல்சரின் சிதறல் அளவு முன்கூட்டியே தெரியாது. அதனால் நூற்றுக்கணக்கான மதிப்புகளை ஒவ்வொன்றாக முயல வேண்டும். டிடிபிளான் என்ற கட்டளை எவ்வளவு நெருக்கமாக முயலலாம் என்று சொல்லும், பிரெப்சப்பேண்ட் செய்து முடிக்கும். மில்லிவினாடிப் பல்சருக்கு இடைவெளி நெருக்கமாக இருக்க வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பிடித்தால் மெதுவான பல்சர்கள் மட்டும் கிடைக்கும்.

படி 3: துணைக்கு இடம் விட்டுத் தேடுதல்

நாற்பது தறி ஓடும் குடோனில் நடந்துகொண்டே, "அந்த மூலைத் தறி இழுத்து ஓடுது" என்று சொல்லும் தறிக்காரரைப் பார்த்திருக்கிறேன். மொத்த இரைச்சலிலிருந்து ஒரு தாளத்தை மட்டும் பிரித்தெடுக்கும் காது அது. கணினியில் அந்த வேலையை ஃபூரியர் உருமாற்றம் செய்கிறது. நேரப் பதிவைக் கொடுத்தால் எந்த அலைவெண்ணில் எவ்வளவு வலு என்று தரும்.

ஆனால் தாளம் மாறாமல் இருந்தால்தான் வலு ஒரே அலைவெண் கட்டத்தில் சேரும். துணையைச் சுற்றும் பல்சரின் அலைவெண் நகர்ந்துகொண்டே இருப்பதால் வலு பல கட்டங்களில் சிந்திவிடும். எத்தனை கட்டம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. முடுக்கத்தை, நோக்கிய நேரத்தின் வர்க்கத்தாலும் சுழற்சி அலைவெண்ணாலும் பெருக்கி, ஒளிவேகத்தால் வகுக்க வேண்டும்.

பி1957+20-க்குப் போட்டுப் பார்ப்போம். உச்ச முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.97 மீட்டர், சுழற்சி 622 ஹெர்ட்ஸ். ஒரு மணி நேரம் பார்த்தால் 26 கட்டங்கள் சிந்தும். சாதாரணத் தேடலில் இது கண்ணில் படாது. ஆக்சல்சர்ச் கட்டளை, சிந்திய கட்டங்களை ஒவ்வொரு முடுக்கத்துக்கும் ஏற்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறது. ஜெட்மேக்ஸ் என்ற அளவுருவில் எத்தனை கட்டம் வரை என்று கொடுக்கலாம். நான் 200 கொடுப்பேன். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இப்போது நம் ஜே1719−1438. முடுக்கம் 0.35, சுழற்சி 173 ஹெர்ட்ஸ். பதிமூன்று நிமிடத் தரவில் சிந்துவது ஒரு கட்டத்தில் எட்டில் ஒரு பங்குதான்! முடுக்கத் தேடலே தேவையில்லை, பல்சர் தானாக அகப்படும். அப்படியென்றால் சுலபம்தானே என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். துணை கனமாக இருந்தால் பல்சரை மறைக்கிறது. துணை குட்டியாக இருந்தால் தன்னையே மறைத்துக்கொள்கிறது. பல்சரைப் பிடித்த மகிழ்ச்சியில் அதைத் தனிக்கட்டை என்று எழுதி மூடிவிட வாய்ப்பு அதிகம். இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே: துணை இருக்கலாம் என்று முதலிலேயே கணக்கில் இடம் விட்டு வைக்க வேண்டும்.

இன்னொரு எல்லை. முடுக்கத் தேடல், நோக்கும் நேரம் சுற்றுக்காலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 54.7 நிமிடச் சுற்றுக்கு ஐந்தரை நிமிடம். நீளமான கோப்பை அப்படியே ஓட்டியதோடு நிற்காமல், துண்டு துண்டாக வெட்டியும் ஓட்டுங்கள். பல சுற்றுகளை உள்ளடக்கிய நீளக் கோப்பென்றால், அலைவெண்ணின் இருபுறமும் சம இடைவெளியில் எழும் பக்கச் சிகரங்களைத் தேடும் வேறொரு முறை இருக்கிறது. அது இரண்டாம் வருடப் பாடம்.

படி 4: சலித்தல், மடித்தல்

பல்சராக இருக்கலாம் என்ற சமிக்ஞைகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். சிதறல் அளவு பூஜ்யத்தில் வலுவாக இருப்பவை நம் பூமியைச் சேர்ந்தவை, தூக்கி எறியுங்கள். ஒரே ஒரு சிதறல் மதிப்பில் மட்டும் தெரிந்து பக்கத்து மதிப்பில் காணாமல் போனவையும் அப்படியே. ஆக்சல்சிஃப்ட் பெரும்பகுதியைச் சலித்துத் தரும்.

மிஞ்சியதைப் பிரெப்ஃபோல்டில் மடிக்க வேண்டும். மடிப்பது என்றால் நீளமான பதிவைச் சுழற்சிக் கால அளவில் வெட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது. வரும் படத்தில் நான் முதலில் பார்ப்பது நேரத்துக்கு எதிரான கோடு. அது முழு நீளமும் தொடர்ந்து இருக்க வேண்டும். பிறகு அலைவெண்ணுக்கு எதிரான கோடு. எல்லாத் தடத்திலும் இருக்க வேண்டும், ஓரிரு தடத்தில் மட்டும் பளிச்சென்றால் குறுக்கீடு. சிதறல் வளைவின் உச்சி பூஜ்யத்திலிருந்து விலகியிருக்க வேண்டும்.

நேரக் கோடு நேராக இல்லாமல் வளைந்திருந்தால் கணினியை மூடாதீர்கள். ஜே1719−1438-ஐ ஒரு முழுச் சுற்று, அதாவது 2.2 மணி நேரம் தொடர்ந்து பார்த்து மாறாத காலத்தில் மடித்தால், துடிப்பு முன்னும் பின்னுமாக 3.6 மில்லிவினாடி நெளியும். சுழற்சிக் காலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அந்த நெளிவுதான் துணையின் கையெழுத்து.

அடுத்து, பல்சர் அட்டவணையைத் திறந்து அதே திசையில் ஏற்கெனவே பெயர் பெற்றது எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். அதே காலம் மட்டுமல்ல, பாதி, மூன்றில் ஒன்று, இரு மடங்கு எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் உள்ள பிரகாசமான பல்சரின் மடங்கு ஒன்றைப் புதுசு என்று நம்பி மூன்று வாரம் வீணாக்கியவன் சொல்கிறேன்.

படி 5: மீண்டும் பார்த்தல்

இதற்குமேல் பழைய தரவு போதாது. அதே இடத்தைப் பல நாட்கள் திரும்பப் பார்க்க வேண்டும். ஜிஎம்ஆர்டி ஆண்டுக்கு இரண்டு முறை நோக்கு நேரத்துக்கு விண்ணப்பம் வாங்குகிறது. தனியாக எழுதுவதைவிட, உங்கள் கல்லூரிப் பேராசிரியர் வழியாகப் பல்சர் குழு ஒன்றோடு சேர்ந்து எழுதுவது நடக்கிற காரியம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் ஊட்டி பக்கம் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் கிடக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை, சரிவும் அதே 11 பாகை. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. 1970-இல் கோவிந்த் சுவரூப் தலைமையில் கட்டியது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், உற்சாகம் வரும்.

ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சுழற்சிக் காலத்தையும் முடுக்கத்தையும் ஒரு வரைதாளில் புள்ளியாக வையுங்கள். சுற்று வட்டமானதென்றால் புள்ளிகள் எந்த வரிசையில் கிடைத்தாலும் ஒரு நீள்வட்டத்தின் மேல் விழும். நோக்கிய நாட்களுக்கு இடையே இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை. அந்த நீள்வட்டத்திலிருந்தே சுற்றுக்காலமும் ஆரமும் முதல் மதிப்பீடாக வந்துவிடும். பிறகு டெம்போ2 அல்லது பின்ட் மென்பொருளில் ஒவ்வொரு துடிப்பின் வருகை நேரத்தையும் பொருத்திக் கூர்மையாக்கலாம்.

படி 6: பூமியைக் கழித்தல்

நாமும் ஒரு செக்கில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். பூமி சூரியனைச் சுற்றுவதால் துடிப்பு ஆண்டு முழுவதும் 8 நிமிடத்துக்கு மேல் முந்திப் பிந்தும். நாம் தேடுவதோ 1.8 மில்லிவினாடி. எல்லா நேரத்தையும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றிய பிறகுதான் பேச்சே.

இதில் பெரியவர்களே சறுக்கினார்கள். 1991-இல் மேத்யூ பெய்ல்ஸ், ஆண்ட்ரூ லைன், ஷெமர் மூவரும் பிஎஸ்ஆர் 1829−10-ஐ ஆறு மாதத்தில் சுற்றும் கோள் ஒன்றை அறிவித்தார்கள். பல்சரின் இடம் துல்லியமாக இல்லாததால் பூமியின் இயக்கம் முழுதாகக் கழியவில்லை, அதன் மிச்சமே கோளாகத் தெரிந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் லைன் மேடையேறித் தவறை ஒப்புக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே கூட்டத்தில்தான் அலெக்சாண்டர் வோல்ஷ்சான், தானும் டேல் ஃப்ரெயிலும் பிஎஸ்ஆர் பி1257+12-ஐச் சுற்றிக் கண்ட கோள்களைப் பற்றிப் பேசினார். அவை நிலைத்தன. இருபது ஆண்டு கழித்து ஜே1719−1438-இன் துணையை அறிவித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் அதே பெய்ல்ஸ்.

ஆகவே உங்கள் சுற்றுக்காலம் ஓராண்டு, அரையாண்டு, ஒரு நாள் என்று வந்தால் சந்தேகப்படுங்கள். 2.2 மணிக்கு அந்தக் கவலை இல்லை.

படி 7: துணையை எடை போடுதல்

ஒளிவினாடியில் அளந்த ஆரத்தை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, 39.48-ஆல் பெருக்குங்கள். அதைச் சுற்றுக்காலத்தின் (வினாடியில்) வர்க்கத்தாலும், சூரிய நிறையை நேரமாக மாற்றினால் வரும் 4.925 மைக்ரோவினாடியாலும் (வினாடியில் எழுதி) வகுங்கள். கிடைப்பதற்கு நிறைச் சார்பு என்று பெயர், சூரிய நிறை அலகில் வரும்.

நம்முடையதற்கு ஆரம் 0.001819, சுற்றுக்காலம் 7,837 வினாடி. விடை சூரிய நிறையில் நூறு கோடியில் 0.79 பங்கு. பல்சரை வழக்கம்போல் 1.4 சூரிய நிறை என்று வைத்து, அதன் வர்க்கத்தால் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.00116 சூரிய நிறை, அதாவது வியாழனைப் போல் 1.2 மடங்கு. சுற்றுத்தளத்தை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம் என்று கொண்டால் வருவது இது. சாய்ந்திருந்தால் உண்மை நிறை இதைவிடக் கூடும், குறையாது. கருப்பு விதவைகளில் துணை வாயுவை ஊதும்போது பல்சர் அவ்வப்போது மறையும். கிரகண நேரம் கிடைத்தால் சாய்வைப் பற்றி ஒரு பிடி கிடைக்கும்.

சுற்றுக்காலத்திலிருந்து இன்னொன்றும் இலவசமாக வருகிறது. இவ்வளவு நெருக்கத்தில், ஏறத்தாழ 6,60,000 கி.மீ. தூரத்தில், பல்சர் பிய்த்துவிடாமல் இருக்கத் துணைக்கு ஒரு குறைந்தபட்ச அடர்த்தி வேண்டும். 110-ஐச் சுற்றுக்கால மணிகளின் வர்க்கத்தால் வகுத்தால், கன சென்டிமீட்டருக்கு 23 கிராம். கோயமுத்தூர் நகைப்பட்டறையில் உருக்கும் தங்கம் 19.3 தான். இத்தனை அடர்த்தியான, கோள் அளவு நிறை கொண்ட பொருள், வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்றின் உரித்த கரித்துண்டாக இருக்கலாம், கரி படிகமாகியிருக்கலாம் என்பதால்தான் அப்போது 'வைரக் கோள்' என்று செய்திகளில் வந்தது.

அக்கா மகன் இதைக் கேட்டதும், "நாம கண்டுபிடிச்சா நாமளே பேர் வைக்கலாமுங்களா மாமா?" என்றான். வைக்க முடியாது. வானத்தில் இருக்கும் இடமே பெயர். 1719 என்றால் 17 மணி 19 நிமிடம், −1438 என்றால் தெற்கே 14 பாகை 38 கலை. நீ செய்ய வேண்டியது, படம், கோப்பின் பெயர், ஓட்டிய கட்டளைகள், நேரம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி அந்தத் தரவை எடுத்த குழுவுக்கு அனுப்புவது. நேரத்தை நம் ஊர் நேரத்தில் எழுதாதே, அதிலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து உலகப் பொது நேரத்தில் எழுது.